நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி

டேப் கம்பெனி கொடுத்தது.
அதில் சிம் போட வாய் கிடையாது.
"உங்க போன்ல இருந்து நெட் போட்டுக்கங்க தம்பி"
என்று பல்லடம் ஆபீசில் சொன்னவர்
பெட்ரோலுக்கு மட்டும்
கிலோமீட்டர் கணக்கு எழுதிக்கொண்டார்.

அதனால் குண்டடத்துக்குத் தெற்கே
துளசிமணி அக்காவின் கோழிப் பண்ணையில்
இரவு பதினொரு மணிக்கு
என் போன் ஒரு தீவன வாளிக்குள் உட்கார்ந்து
தண்ணி டேங்கின் உச்சிக்கு ஏறுகிறது.
கயிறு இழுப்பவன் பூபதி, லாரி டிரைவர்.
சிக்னல் அங்கே மேலேதான்.
தராசு இங்கே கீழே.
நடுவில் இருபத்திரண்டு அடி வெறும் காற்று.
அது வழியாகத்தான்
இரண்டாயிரத்து நூற்றெட்டுக் கோழி
போயாக வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டை அழுத்திவிட்டு வாளியில் வைக்க வேண்டும்.
இரண்டு முறை மறந்தேன்.
மூன்றாம் முறை
டேப் என்னைக் கண்டுகொண்டது, பாஸ்வேர்டு கேட்டது.
என் பழைய மொபெட்டின் நம்பர்.
வண்டியை விற்றாயிற்று,
நம்பர் மட்டும் இன்னும் ஓடுகிறது.

ஆட்கள் காலைப் பிடித்துத்
தலைகீழாகக் கொண்டு வருகிறார்கள்.
கூண்டுக்குப் பத்து.
தராசு சொல்லும், நான் குத்துவேன்,
சின்ன வட்டம் சுற்றும்,
பச்சையாகும்.
அடுத்த கூண்டு.
காற்றாலைகள் இருட்டில் சிவப்பாகக் கண் சிமிட்டுகின்றன.
எங்கெங்கோ கரண்ட் அனுப்புகிறவை,
ஒரு கோடு சிக்னலைக் கீழே தள்ளக் காணோம்.

நூற்று எண்பது கூண்டு போனபின்
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
பூபதி வாளியை இறக்கினான்.
"இன்றைய டேட்டாவில் நூறு சதவீதம்
பயன்படுத்திவிட்டீர்கள்."

ஒரு கூண்டு எடைக்கு எவ்வளவு டேட்டா வேண்டும்?
ஒரு கடுகு.
செட்டிங்ஸுக்குள் புகுந்து தேடினேன்.
டேப்தான்.
என் ஹாட்ஸ்பாட்டை அது வைஃபை என்று நினைத்திருக்கிறது.
ஏதோ பெரிய வீட்டு வைஃபை,
மாசக் கட்டணம், அளவே கிடையாது என்று.
நினைத்து,
வரைபடத்தைப் புதுப்பித்து,
நான் ஒருநாளும் திறக்காத
உடற்பயிற்சி ஆப்பைப் புதுப்பித்து,
பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி
கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறது,
செலவு யாருடையது என்று பார்க்காமல்.

மணி பதினொன்று நாற்பது.
பன்னிரண்டுக்குத்தான் அடுத்த ஒன்றரை.
பூபதிக்கு ரீசார்ஜ் நேற்றோடு முடிந்தது.
அக்காவிடம் பட்டன் போன்.
"நோட்டுல எழுதிக்கலாமுங்களே?"
எழுதலாம்.
நோட்டில் எழுதிய எடையைக் கம்பெனி
சிவப்பில் காட்டும்,
எடுத்த கோழியைத் திருடிய கோழி மாதிரி.

இன்னும் எடை போடாதவை முந்நூற்றெட்டு.
நிற்க நிற்க எடை குறையும்.
வாய் திறந்து மூச்சு வாங்கும் ஒவ்வொன்றிலும்
கிராம் கிராமாக
அக்காவின் பணம் போய்க்கொண்டிருந்தது.
அது அவருக்கும் தெரியும்.
ஒன்றும் சொல்லாமல்
ஓஸ் பைப்பை இழுத்து வந்து
லாரியில் ஏறிவிட்டவற்றின் மேல்
தண்ணீர் தெளித்தார்.
அவை இனி அவருடைய கோழிகள்கூட இல்லை.

நான் டேப்போடு மல்லுக்கட்டினேன்.
எங்கோ அடியில், நாலைந்து கதவுக்குப் பின்னால்
ஒரு பொத்தான்:
"இந்த இணைப்பு அளவுக்கு உட்பட்டது."
அழுத்தினேன்.
அதற்குப் பிறகு
டேப் ஏழை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி
அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

பன்னிரண்டு அடிக்க அங்கே மணி எதுவும் இல்லை.
தேதி மாறியது, வாளி ஏறியது.
முப்பத்தொரு கூண்டு.
பில் வந்தபோது பன்னிரண்டு முப்பத்தெட்டு.
பூபதி தார்ப்பாயை இழுத்துக் கட்டிப்
பொள்ளாச்சி ரோட்டில் திரும்பினான்.

காலியான கொட்டகையில் லைட்டை அணைத்துவிட்டு
அக்கா வந்தார்.
வாளியையும் கயிற்றையும் சுருட்டி
என் வண்டிக் கைப்பிடியில் மாட்டினார்.

"குஞ்சு எறங்கற வரைக்கும் இங்க இதுக்கு வேலையில்லீங்.
அடுத்த பண்ணைலயும் ஒசரத்துல ஏத்தோணுமில்ல,
எடுத்துட்டுப் போங்."